குளிர்மை என்று விலக்கும் பழமும் பிள்ளையின் மூச்சும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முட்டு வருத்தம் எனப்படும் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகள் பலவற்றில் முதலில் நிறுத்தப்படுவது வாழைப்பழம்தான். அடுத்துத் தோடம்பழமும் கீரையும் குளிர்மை என்ற பெயரில் விலக்கப்படுகின்றன. அந்த இடத்தில் ரோல்ஸ், பட்டிஸ், கிறீம் பிஸ்கட், பொரித்த கோழி ஆகியன வந்து சேர்வதை யாரும் ஐயத்தோடு பார்ப்பதில்லை. பிள்ளை மீதுள்ள அக்கறையால் எடுக்கப்படும் இந்த முடிவு, ஆய்வுகள் காட்டும் திசைக்கு நேரெதிரானது என்பதே என் கவலை.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நீடித்திருக்கும் அழற்சி. தடிமன், தூசு உண்ணி, நுளம்புத்திரிப் புகை, காலி வீதியின் வாகனப் புகை என ஏதோவொன்று தூண்டும்போது குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, சுவர் வீங்கி, சளி தேங்கி, காற்றுச் செல்லும் வழி ஒடுங்குகிறது. உணவு நேரடித் தூண்டுதலாவது சில பிள்ளைகளில் மட்டுமே. இத்தூண்டுதல்களுக்கு நோயெதிர்ப்பு மண்டலம் எவ்வளவு எளிதில் மிகைபட எதிர்வினையாற்றும் என்பதில்தான் உணவின் செல்வாக்கு கூடுதலாக இருப்பதாகத் தெரிகிறது.

இதற்கான முக்கியமான பாதை பெருங்குடலில் தொடங்குகிறது. கீரை, பருப்பு, பழம், தவிட்டுடன் கூடிய சிவப்பரிசி ஆகியவற்றின் நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து அசற்றேற்று, புரோப்பியோனேற்று, பியூற்றிரேற்று ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. இவை குருதியில் கலந்து தொலைவிலுள்ள உறுப்புகளையும் எட்டுகின்றன. 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நார்ச்சத்து மிகுந்த உணவோ புரோப்பியோனேற்றோ பெற்ற எலிகளின் எலும்பு மச்சையில் உருவான நோயெதிர்ப்புக் கலங்கள், நுரையீரலைச் சென்றடைந்த பின்னரும் ஒவ்வாமை எதிர்வினையைத் தூண்டும் ஆற்றல் குன்றியே இருந்தன. குடலில் நடப்பது நுரையீரலில் எதிரொலிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மனிதரிடம் கிடைத்துள்ள சான்றுகள் இவ்வளவு நேரடியானவை அல்ல. ஐசாக் எனப்படும் பன்னாட்டு ஆய்வின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, 51 நாடுகளைச் சேர்ந்த 13, 14 வயதினர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களை ஆராய்ந்தது. வாரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ துரித உணவு உண்டோரிடம் கடுமையான ஆஸ்துமாவுக்கான ஆபத்து 39 சதவீதம் கூடுதலாகவும், அதே அளவு பழம் உண்டோரிடம் 11 சதவீதம் குறைவாகவும் காணப்பட்டது. 6, 7 வயதுச் சிறுவரிலும் இதே போக்குத் தென்பட்டது. லண்டனின் கிறினிச் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான மற்றோர் ஆய்வில், நாள்தோறும் வாழைப்பழம் உண்டோரிடம் இழுப்பு குறைவாகவே இருந்தது. இவை காரணத்தை மெய்ப்பிப்பவை அல்ல. வீட்டின் வருமானமும் புகையும் உடற்பருமனும் கணக்கைக் குழப்பக்கூடும். ஆயினும், வாழைப்பழம் முட்டு வருத்தத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கைக்கு அவற்றில் ஆதரவில்லை.

மீனைப் பொறுத்தவரை சான்று சற்று உறுதியானது. டென்மார்க்கில் கருவுற்று 24 வாரமான தாய்மாருக்கு நாளொன்றுக்கு 2.4 கிராம் மீனெண்ணெய்க் கொழுப்பமிலம் கொடுத்து நடத்தி, 2016இல் வெளியிட்ட பரிசோதனையில், அவர்களது பிள்ளைகளிடம் நீடித்த இழுப்பும் ஆஸ்துமாவும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அது அதிக அளவிலான மாத்திரை. ஒரு நேர மீன்குழம்போடு ஒப்பிடத் தக்கதன்று. எனினும், அதே வகைக் கொழுப்பமிலம் நம் சந்தைகளில் விற்கும் சாளையிலும் கும்பளாவிலும் உண்டு.

பழமும் மீனும் மருத்துவர் எழுதிக்கொடுத்த தடுப்பு இன்ஹேலருக்கு மாற்றாகா. ஏதேனும் ஓர் உணவை உண்ட சிறிது நேரத்துக்குள் ஒவ்வொரு முறையும் இழுப்பு வந்தால், இறாலோ, சல்பைற்றுச் சேர்த்த குளிர்பானமோ, எதுவாயினும் அதைத் திகதியோடு குறித்துக்கொண்டு கிளினிக்கில் காட்ட வேண்டும். ஒவ்வாமை உறுதியானால் அந்த ஓர் உணவை மட்டும் நிறுத்தினால் போதும்.