மலிவு டேப்: எதைக் குறைத்து விலையைக் குறைத்தார்கள்?

ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் என் சர்வீஸ் கடைக்குச் சின்ன டேப்கள், அதாவது டேப்லெட்கள், வரத் தொடங்கிவிடும். முக்கூடல், பத்தமடைப் பக்கமிருந்து பெற்றோர் கொண்டுவருவார்கள். பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கியதாக இருக்கும். "அண்ணாச்சி, பெட்டியில் பதினையாயிரம் போட்டிருந்தது. எங்களுக்கு ஐயாயிரத்துக்கே கொடுத்துவிட்டார்கள்" என்பார்கள். பெட்டியில் இருப்பது அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது, அவ்வளவுதான். பொருள் அந்த விலை பெறும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சின்ன டேப்பின் விலை சரிந்ததற்குக் காரணம் உண்டு. 2011 நவம்பரில் அமேசான் 7 அங்குல கிண்டில் ஃபயரை 199 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு கூகுளின் நெக்சஸ் 7 அதே விலையில் வந்தது. கருவியில் லாபம் வராவிட்டாலும் புத்தகம், படம், விளம்பரம் என்று பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆப்பிள் இந்தப் பந்தயத்தில் இறங்காமல் ஐபேட் மினிக்கு 329 டாலர் வைத்தது. நம் நாட்டில் 2011 அக்டோபரில் மாணவர்களுக்கென வெளியான ஆகாஷ் டேப்புக்கு அரசின் கொள்முதல் விலை சுமார் 2,276 ரூபாய். ப்ராசஸர் 366 மெகாஹெர்ட்ஸ், ராம் (வேலை ஓடும்போது பயன்படும் நினைவகம்) 256 எம்.பி., திரையோ அழுத்தித் தொட வேண்டிய ரகம். நோக்கத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் டேப் என்றால் இரண்டாயிரம், மூவாயிரம் என்ற எண்ணம் ஊருக்குள் அப்போதுதான் வேர்விட்டது.

பிறகு போன் திரை ஆறு அங்குலத்தைத் தாண்டியது. சின்ன டேப்புக்கு இடம் சுருங்கியது. கூகுள் நெக்சஸ் 7-ஐ நிறுத்திவிட்டது. 2024-இல் வந்த ஐபேட் மினி இங்கே 49,900 ரூபாய்க்கு அறிமுகமானது. சாம்சங், லெனோவோ நடுவில் நிற்கின்றன. அடித்தட்டில் இருப்பவை கேள்விப்படாத பெயர்கள். அவர்களுக்குப் புத்தகக் கடையும் இல்லை, விளம்பர வருமானமும் இல்லை. போட்டி போட வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் பாகத்தில்தான் கைவைக்க வேண்டும்.

கை வைக்கும் முதல் இடம் நினைவகம். "8 ஜி.பி. ராம்" என்று பெரிதாகப் போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் "4+4" என்றிருக்கும். பின்னால் வரும் நான்கு ராமே அல்ல, சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது, வேகம் வராது. இதிலாவது பொடி எழுத்தில் உண்மை இருக்கிறது. சில டேப்களில் 128 ஜி.பி. என்று செட்டிங்ஸிலேயே காட்டும், சிப் அதில் கால்வாசி கூட இருக்காது. மென்பொருளை அப்படித் திருத்தியிருப்பார்கள். சொன்ன அளவு நிறையும் வரை பெரிய வீடியோக்களை ஏற்றி, ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். போலி என்றால் பாதியில் திணறும், அல்லது ஏற்றிய கோப்பு திறக்காது.

அடுத்தது பேட்டரி. மேலே ஒட்டிய கொள்ளளவு எண்ணை நம்பிப் பயனில்லை. உப்பித் திரையைத் தள்ளிக்கொண்டு நிற்கும் டேப்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அப்படி ஆனால் சார்ஜ் போடவே கூடாது, அழுத்தவும் கூடாது. மாற்று பேட்டரி கிடைக்காது, டிஸ்ப்ளே காம்போவும் (திரையும் தொடு கண்ணாடியும் சேர்ந்த பாகம்) கிடைக்காது. கிடைத்தாலும் டேப்பின் விலையில் பாதியை விழுங்கிவிடும்.

வாங்கும் முன் கடையிலேயே செட்டிங்ஸைத் திறந்து, ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதியைப் பாருங்கள். இரண்டு, மூன்று ஆண்டு பழையது என்றால் வைத்துவிட்டு வாருங்கள். பெட்டியில் "ஆர்" என்று தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் தயாரிப்பாளர் பெயர் வரும். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில் இருந்தால்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெம்பாகப் பேச முடியும். பில் வேண்டாம், விலை குறையும் என்கிற கடைக்காரரிடம் பேச்சை நீட்டாதீர்கள்.

கையில் ஆறாயிரம்தான் இருக்கிறது என்றால் டேப்பே வேண்டாம் என்பேன். தெரிந்த கம்பெனியின் சாதாரண போனில் பிள்ளையின் பாடம் ஓடும். கெட்டுப்போனால் நெல்லை ஜங்ஷனிலேயே பாகமும் கிடைக்கும்.