அந்த மிஷின் கரண்ட் வைக்காது

சிறுநீரை அடக்கும் இடுப்படித் தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. போன வாரம் பாம்பன் பக்கமிருந்து ஒரு அக்கா என்னிடம் வந்தார். (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சிறு வயதிலிருந்தே தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுக்கிறவர். விரல்களில் துணி சுற்றிச் சுற்றி விழுந்த தடம் அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்த 40 பக்கத் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். கல்யாண மண்டபத்தில் ஏதோ முகாமாம். கையில் ஒரு கம்பியை இரண்டு நிமிடம் பிடிக்கச் சொல்லி, ‘பயோஃபீட்பேக் ஸ்கேன்’ என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கல்லீரல், கால்சியம், முடி உதிர்வு எல்லாம் அதில் இருந்தது. இருமினாலும் மூட்டை தூக்கினாலும் அவருக்குச் சிறுநீர் கசிகிறது என்பது மட்டும் இல்லை. அங்கே யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கூடவே தலையில் கட்டிய மாவு டப்பாவுக்கு 6,000 ரூபாய்.

இந்த வருடம் இது எத்தனையாவது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

“உங்ககிட்டயும் அந்த மிஷின் இருக்காமே மேடம். கரண்ட் வச்சு விடுங்க, சரியாயிரும்” என்றார்.

சரி, இதைப் பொறுமையாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பயோஃபீட்பேக் மிஷின் கரண்ட் வைக்காது. தசை சுருங்கும்போது அதற்குள்ளேயே மைக்ரோவோல்ட் கணக்கில் ஒரு மின்துடிப்பு உண்டாகும். ஒட்டிய பட்டை அதை வாங்கித் திரையில் கோடாகக் காட்டும், அவ்வளவுதான். உடம்பிலிருந்து மிஷினுக்குத்தான் சேதி போகிறது. அங்கிருந்து உடம்புக்குள் எதுவும் வருவதில்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அந்தக் கூண்டா புயலை நிறுத்துகிறது? அதைப் பார்த்துவிட்டுப் படகை இழுத்துக் கட்டுவது நீங்கள். இதுவும் அப்படித்தான். வேலை செய்ய வேண்டியது உங்கள் தசை. கம்பியைப் பிடித்தால் கல்லீரலைப் படிக்கும் வித்தை இதற்குத் தெரியாது. (கரண்ட் வைக்கிற மிஷினும் எங்களிடம் பக்கத்து மேசையிலேயே இருக்கிறது. குழப்பத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.)

இது புதுச் சமாச்சாரமும் இல்லை. பயோஃபீட்பேக் என்ற பெயர் வருவதற்கு முன்பே, 1948-இல், அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் பெண்களுக்கு அழுத்தமானியில் முள் ஏறுவதைக் காட்டி இடுப்படித் தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 2020-இல் பிரிட்டனில் 600 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. பாதிப் பேருக்குப் பயிற்சி மட்டும், மீதிப் பேருக்குப் பயிற்சியோடு மிஷினும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் கசிவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மிஷின் வைத்திருக்கிற நானே இதைச் சொல்கிறேன். குணம் தருவது பயிற்சி.

அப்புறம் மிஷின் எதற்கு? 1991-இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவைக் கூட்டிவிடக் கூடியது. மேலே இழுக்க வேண்டிய தசையைக் கீழே முக்கித் தள்ளிவிடுகிறார்கள். எந்தத் தசை என்றே பிடிபடாத இப்படிப்பட்டவர்களுக்குத்தான் திரை உதவுகிறது. தசை முரண்டு பிடிப்பதால் வரும் மலச்சிக்கலுக்கும் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கும் ஓரளவு. சர்க்கரைக்கும் கல்லீரலுக்கும் கிடையாது.

அந்த அக்காவும் முக்கத்தான் செய்தார். திரையில் வயிற்றுத் தசையின் கோடு எகிறியது, இடுப்படித் தசையின் கோடு படுத்தே கிடந்தது. “தண்ணிக்குள்ள முங்குறப்ப மாதிரி மூச்சப் புடிச்சுட்டேன்” என்று அவரே கண்டுபிடித்துச் சிரித்தார். மூச்சை விட்டுக்கொண்டே, சிறுநீரை அடக்குவதுபோல் இழுக்கச் சொன்னேன். நாலாவது தடவை கோடு மெல்ல எழும்பியது. “அலை ஏறுது மேடம்!”

இனி அவருக்கு மிஷின் அதிகம் தேவைப்படாது. இப்படி இழுப்பதை ஒரு வேளைக்கு குறைந்தது 8 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூன்றாம் நாளே “ஒண்ணும் கேட்கலையே” என்று போன் செய்யாதீர்கள்.

தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். படகில் ஒதுங்க இடமில்லை என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் அந்த வெயிலில் வாயைக் கட்டினால் நீர்க்கடுப்புதான் மிச்சம். ஈரப் பாசி மூட்டையைத் தூக்கும் முன் அந்தத் தசையை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் ரத்தமோ, எரிச்சலோடு காய்ச்சலோ இருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள், என்னிடம் அப்புறம் வரலாம். திடீரென்று தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அடங்காமல் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று சொல்லி உட்கார வைக்கும் மாமியார்கள், தயவுசெய்து நீங்களும் கூட வாருங்கள். உங்களுக்கும் இருக்கும்.

வரும்போது முகாமில் கொடுத்த 40 பக்கம் வேண்டாம். சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டும், மூன்று நாளில் எத்தனை தடவை போனீர்கள், எத்தனை தடவை கசிந்தது என்ற கணக்கும் போதும். எழுதத் தெரியாதவர்கள் காலண்டர் தாளில் கோடு போட்டுக் கொண்டுவாருங்கள், நான் எண்ணிக்கொள்கிறேன்.