தோட்டா உறையின் தரம்: அடிமுத்திரைக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

ரைஃபிள் தோட்டாக்களை மறுநிரப்பல் செய்ய, அதாவது சுட்ட உறையில் புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்க, தொடங்குபவர்கள், துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள என்னிடம் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் பித்தளை உறை சிறந்தது என்பதைத்தான். லாபுவா, நோர்மா, வின்செஸ்டர், ஸ்டார்லைன், பீட்டர்சன் என்று பெயர்களை வரிசைப்படுத்திப் பதில் சொல்லிவிடலாம். ஆனால், சேதமடைந்து மேசைக்கு வரும் ரைஃபிள்களையும் அவற்றோடு வரும் உறைகளையும் பார்க்கும்போது, உறையின் அடியில் பொறித்திருக்கும் பெயரைவிட அந்த உறை இதுவரை எத்தனை முறை, எந்தத் துப்பாக்கியில், எவ்வளவு அழுத்தத்தில் சுடப்பட்டது என்பதே பெரும்பாலும் முக்கியமாக இருந்திருக்கிறது. குண்டு, வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர், உறை ஆகிய நான்கில் திரும்பத் திரும்பப் பயன்படுவது உறை மட்டுமே. அதே உறைதான், சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு என்று .308 வின்செஸ்டர் என்னும் தோட்டா வகைக்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தத்தைப் பின்பக்கம் கசியாமல் அடைத்து நிறுத்துகிறது. ஆகவே, உறைகளை ஒப்பிடும்போது துல்லியத்தை மட்டும் பார்த்தால் போதாது.

தோட்டா உறைக்கான பித்தளையில் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் இருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்களிடம் இந்தக் கலவையில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு செய்முறையில் வருகிறது. வட்டத் தகடு முதலில் கிண்ணமாக அழுத்தப்பட்டு, பிறகு படிப்படியாக நீளமாக இழுக்கப்படுகிறது. குளிர்ந்த நிலையில் இழுக்க இழுக்கப் பித்தளை கடினமாகும்; இடையிடையே சூடாக்கி அதை இளக்குவதை அனீலிங் என்கிறோம். எல்லாம் முடிந்த பிறகு நல்ல உறையின் அடிப்பகுதி கடினமாகவும், குண்டைப் பிடிக்கும் கழுத்தும் அதற்குக் கீழே சரிந்து விரியும் தோளும் இளகிய பதத்திலும் இருக்க வேண்டும். கழுத்து வெடிப்பின்போது விரிந்து, தோட்டா அமரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கவும், விரிசல் விடாமல் குண்டைச் சீராகப் பிடிக்கவும் இளக்கம் தேவை. அடிப்பகுதியின் நிலை வேறு. சுட்ட உறையை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கவ்வும் பள்ளத்தை ஒட்டிய பகுதிக்குப் பெரும்பாலான ரைஃபிள்களில் சேம்பர் சுவரின் தாங்கல் முழுமையாகக் கிடைப்பதில்லை. அங்கே பித்தளை தன் சொந்த வலிமையில்தான் நிற்கிறது.

கழுத்தும் தோளும் இளக்கப்பட்டதன் அடையாளமாகச் சில தயாரிப்பாளர்களின் உறைகளில் நீலமும் பழுப்பும் கலந்த நிறமாற்றம் தெரியும். சிலர் அதை மெருகேற்றி அழித்துவிட்டு விற்கிறார்கள். ஆகவே அந்த நிறம் இல்லை என்பதற்காக அனீலிங் செய்யப்படவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அனீலிங் தரும் இளக்கம் பித்தளைக்குள் தங்கிய இழுவிசையையும் குறைக்கிறது. இதன் அருமை பிரிட்டிஷ் இந்தியப் படைக்குக் கசப்பான முறையில் தெரியவந்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களின் அருகே வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள், யாரும் சுடாமலே விரிசல் கண்டன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, உறைக்குள் தங்கியிருந்த இழுவிசையோடு சேர்ந்து பித்தளையைப் பிளந்தது என்பது 1921-இல் விளக்கப்பட்டது. இன்றும் இது பழங்கதையாகிவிடவில்லை. வீட்டுப் பித்தளைப் பொருட்களுக்கான பாலிஷ்களில் அமோனியா கலந்தவை உண்டு. அவற்றால் உறைகளைத் துலக்குபவர்களும் உண்டு. பளபளப்பு கிடைக்கும், உறையின் ஆயுள் போகும்.

புதிய உறைகளை ஒப்பிடும்போது பலரும் முதலில் தராசை எடுக்கிறார்கள். எடையில் தகவல் இருக்கிறது, ஆனால் அரைகுறையான தகவல். ஒரே .308 அளவில் சில வணிக உறைகள் 160 கிரெயினுக்கு (தோட்டாத் துறையில் வழங்கும் சிறிய எடை அலகு) அருகிலும், ராணுவ 7.62×51 உறைகள் பல 180 கிரெயினுக்கு அருகிலும் நிற்கும். வெளியளவு ஒன்றே என்பதால் கூடுதல் பித்தளை உள்ளிடத்தைத்தான் குறைக்கிறது. பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ எட்டரை மடங்கு என்பதைக் கொண்டு கணக்கிட்டால், இருபது கிரெயின் எடை வேறுபாடு இரண்டு கிரெயினுக்குச் சற்று அதிகமான தண்ணீர்க் கொள்ளளவைக் குறைக்கும். மொத்தக் கொள்ளளவே 55 கிரெயின் அளவில் இருக்கும் உறையில் இது சிறிய மாற்றமன்று. ஒரு வகை உறையில் பாதுகாப்பாக இருந்த அதே மருந்தளவு, உள்ளிடம் குறைந்த இன்னொரு வகையில் அழுத்தத்தை உயர்த்திவிடும். உறை வகையை மாற்றினால் மருந்தளவைக் குறைத்து மீண்டும் தொடங்க வேண்டும் என்று கையேடுகள் சொல்வது இதனால்தான். எனினும், விளிம்பின் தடிமனிலும் எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்தின் ஆழத்திலும் உள்ள வேறுபாடுகள் எடையை மாற்றுமே தவிர உள்ளிடத்தை மாற்றா. சுடப்பட்ட உறையில் பழைய பிரைமரை அப்படியே விட்டு, வாய் வரை தண்ணீர் நிரப்பி எடைபோடுவதே நேர்மையான ஒப்பீடு. ஒரு தொகுதியிலிருந்து சில உறைகளை இப்படிப் பார்த்தாலே அந்தத் தொகுதி சீரானதா என்பது புரிந்துவிடும்.

கழுத்துச் சுவரின் தடிமன் அடுத்தது. உருண்டை முனை மைக்ரோமீட்டரால் கழுத்தைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்தால், நல்ல உறையில் வேறுபாடு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றரைக்குள் அடங்கும். மலிவான உறைகளில் இது இரட்டிப்பாவதுண்டு. ஒருபுறம் தடித்த கழுத்து குண்டைக் குழாயின் மையத்திலிருந்து விலக்கி நிறுத்தும். சுவரின் ஒருபுறம் மெலிந்திருப்பது கழுத்தோடு நிற்காமல் உடல் வரை தொடர்வதும் உண்டு என்பதால், அதிக வேறுபாடு கொண்ட உறைகளை நான் துல்லியச் சுடலுக்கு மட்டுமல்ல, பலமுறை நிரப்பும் பயன்பாட்டுக்கும் பரிந்துரைப்பதில்லை. பிரைமரின் தீ மருந்துக்குச் செல்லும் பொறித்துளையையும் உள்ளிருந்து பார்க்க வேண்டும். துளையிடும் அச்சால் குத்தி உருவாக்கிய துளைகளின் உட்புறத்தில் பிசிறு எஞ்சியிருக்கும். துரப்பணத்தால் இட்ட துளைகளில் அது அரிது. லாபுவாவின் 6.5 கிரீட்மூர் போன்ற சில உறைகளில் சிறிய பிரைமர் குழியும் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் துளையும் இருக்கின்றன. வழக்கமான பிரைமர் அகற்றும் ஊசி அதில் சிக்கி வளைந்துவிடும். அதைத் தரக்குறைவு என்று திருப்பித் தருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் கணிப்பில், ஓர் உறையின் தரத்தை வேறெந்த அளவையும்விட வெளிப்படையாகக் காட்டுவது பிரைமர் குழி. அடிப்பகுதி போதிய கடினம் பெறாத உறையில், அனுமதிக்கப்பட்ட அழுத்தத்திலேயே சில முறை சுட்ட பிறகு குழி விரிந்து, பிரைமர் தடையின்றி உள்ளே இறங்கும். கையால் அழுத்தும் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தளர்ச்சி விரலிலேயே தெரியும். நெம்புகோல் இயந்திரத்தில் அந்த உணர்வு பெரும்பாலும் மறைந்துவிடும். ஒரே துப்பாக்கியில், கையேட்டு எல்லைக்குள், இரண்டு வகை உறைகளைச் சமமான முறை சுட்டு எது முதலில் தளர்கிறது என்று குறித்துவைப்பது விலைப்பட்டியலைவிடப் பயனுள்ளது. எல்லா வகை உறைகளிலும் குழி விரைவில் தளர்ந்தால் பித்தளையைக் குறை சொல்லிப் பயனில்லை, மருந்தளவு அதிகம்.

பயன்படுத்திய உறைகளை வாங்குவோருக்குக் கூடுதல் கவனம் தேவை. ராணுவ உறைகளில் பிரைமர் கழன்றுவிடாமல் குழியின் விளிம்பைச் சுற்றி நசுக்கியிருப்பார்கள். அந்த வளையத்தை நீக்காமல் புதிய பிரைமரைத் திணிக்கக் கூடாது. இயந்திரத் துப்பாக்கியின் தளர்வான சேம்பரில் சுடப்பட்டவை என்றால், உறை ஒரே முறையிலேயே நீண்டு, அடிச்சுவருக்குச் சற்று மேலே மெலிந்திருக்கும். ஒருமுறை மட்டும் சுடப்பட்டது என்ற விற்பனையாளரின் சொல் உண்மையாகவே இருந்தாலும் அந்த உறை களைத்த உறைதான். பழுப்பு மஞ்சளாகப் பூசிய எஃகு உறைகளைக் காந்தம் பிரித்துவிடும். உள்ளே இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டான் வகை. மறுநிரப்பலுக்கு உகந்தது மையத்தில் ஒற்றைத் துளை கொண்ட பாக்ஸர் வகை. அமெரிக்கரான பெர்டானின் முறை ஐரோப்பாவிலும், ஆங்கிலேயரான பாக்ஸரின் முறை அமெரிக்காவிலும் நிலைபெற்றது இத்துறையின் சுவையான முரண்.

சேதங்களில் நான் மிகவும் அஞ்சுவது உறையின் அடிப்பகுதி தனியே முறிந்து பிரிவதை. அடியிலிருந்து சற்று மேலே பளிச்சென்ற மெல்லிய வளையம் வெளியில் தெரிந்தால், உள்ளே சுவர் அறுபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். வளையம் தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மெல்லிய கம்பியின் நுனியைச் சிறிதாக வளைத்துக் கூராக்கி, உறையின் உட்சுவரை அடியிலிருந்து வாய் நோக்கித் தடவினால் பள்ளம் இருக்கும் இடத்தில் கம்பி தட்டும். இந்தச் சேதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தயாரிப்பாளர் அல்லர். சுட்ட உறையைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சான டையைத் தேவைக்கு மேல் இறக்கி, ஒவ்வொரு முறையும் தோளைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதுதான். போல்ட் ரைஃபிளுக்கு, சுட்ட உறையின் தோளை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு அளவுக்கு மட்டும் பின்தள்ளினால் போதும். உலகின் விலையுயர்ந்த உறையையும் தவறாக அமைத்த டை சில சுற்றுகளிலேயே அழித்துவிடும்.

ஆண்டுக்குச் சில பெட்டித் தோட்டாக்களை மட்டும் சுடுபவருக்கு நடுத்தர விலையில் ஒரே தொகுதியைச் சேர்ந்த புதிய உறைகள் போதும் என்பதே என் கருத்து. தொலைதூரப் போட்டிகளுக்குச் செல்பவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம், பிரித்தெடுக்கும் உழைப்பைக் குறைப்பதாலும் பிரைமர் குழி நீண்ட நாள் தாங்குவதாலும் திரும்பக் கிடைத்துவிடும். இருவருமே தொகுதிகளைக் கலக்காமல், ஒவ்வொரு பெட்டியின் மீதும் எத்தனை முறை சுடப்பட்டது, எப்போது அனீலிங் செய்யப்பட்டது, எப்போது நீளம் வெட்டப்பட்டது என்று எழுதிவைக்க வேண்டும். கழுத்தில் விரிசல், தளர்ந்த பிரைமர் குழி, அடிக்கு மேல் பள்ளம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த உறையைத் தனியே எடுத்து, அதே பெட்டியில் உள்ள மற்ற உறைகள் அனைத்தையும் சோதிக்க வேண்டும். ஒதுக்கிய உறையின் வாயை அப்போதே இடுக்கியால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளையோடு போடுங்கள். முழுதாக விட்டுவைத்தால் அது யாரோ ஒருவரின் மேசைக்கு நல்ல உறையாகத் திரும்பி வந்துவிடும்.