சி.ஆர்.பி. ஏறுவதற்கு முன் ஆறு பேர் சேர வேண்டும்

காய்ச்சல் என்று போனால் டாக்டர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சி.ஆர்.பி. என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அது கல்லீரல் சுரக்கும் புரதம், கிருமி தொற்றினால் ரத்தத்தில் ஏறும். சரி, கிருமி இருப்பது நுரையீரலில், அதைக் கல்லீரலுக்கு யார் போய்ச் சொன்னது? பெரும்பாலும் இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப் புரதம். 1986இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஹிரானோ, கிஷிமோட்டோ குழுவினர் இதன் மரபணுவைக் கண்டெடுத்தார்கள். சுமார் 180 அமினோ அமிலங்கள்தான். நான்கு சுருள்களைச் சேர்த்துக் கட்டிய சின்ன விறகுக்கட்டு மாதிரி இருக்கும்.

இந்தத் தூதைச் செல்லின் மேற்பரப்பில் வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி என்றதும் பூட்டு, சாவி என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வரும். எனக்கு அந்த உவமை இங்கே பிடிக்கவில்லை. ஏனென்றால் இந்தச் சாவி முதலில் உட்காரும் ஏற்பிக்கு செல்லுக்குள் செய்தி சொல்லவே தெரியாது, அதன் உள்வால் அவ்வளவு குட்டை. செய்தியை உள்ளே கடத்துவது ஜிபி130 என்ற வேறொரு புரதம், ஆனால் தனியாக வரும் இன்டர்லூக்கின்-6ஐ அது கண்டுகொள்வதே இல்லை. ஏற்பியோடு ஜோடியாக வந்தால்தான் பிடித்துக்கொள்ளும்.

2003இல் ஸ்டான்போர்டில் கார்சியா குழு எக்ஸ் கதிர் படிகமுறையில் இந்தக் கூட்டணியைப் படம்பிடித்தபோது, அதில் இருந்தது ஆறு பேர்: இன்டர்லூக்கின்-6, ஏற்பி, ஜிபி130, ஒவ்வொன்றிலும் இரண்டு. விறகுக்கட்டின் ஒரு பக்கம் ஏற்பியிடம், இன்னொரு பக்கம் ஒரு ஜிபி130இன் நடுப்பகுதியில், மூன்றாவது பக்கம் எதிரே நிற்கும் மற்ற ஜிபி130இன் தலையில். இரண்டு கட்டுகளும் இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடிப்பதால் இரண்டு ஜிபி130களும் பிரிய முடியாமல் மாட்டிக்கொள்கின்றன. அவற்றின் கால்கள் செல் சவ்வருகே வளைந்து நெருங்க, உள்ளே வாலில் ஒட்டியிருக்கும் ஜாக் நொதிகள் ஒன்றின் மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றி விழித்துக்கொள்கின்றன, அப்புறம் ஸ்டாட்3 புரதம் கிளம்பி உட்கருவுக்குப் போய் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. கல்லீரல் செல் என்றால் சி.ஆர்.பி. உற்பத்தி ஆரம்பம்.

இதில் ஒரு திருட்டு வழியும் உண்டு. கபோசி சார்கோமா என்ற புற்றுநோயை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் தானே ஒரு போலி இன்டர்லூக்கின்-6 செய்கிறது. அதற்கு ஏற்பிகூட வேண்டாம், நேரே ஜிபி130இன் கையைப் பிடித்துவிடும்.

டோசிலிசுமாப் மருந்து கை வைப்பது முதல் கட்டத்தில். ஏற்பியில் இன்டர்லூக்கின்-6 உட்காரும் இடத்தில் இந்த ஆன்டிபாடி போய் உட்கார்ந்துவிடும், மற்றவர்கள் ஒன்றுசேரவே முடியாது. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்குக் கொடுத்துவந்த மருந்து. 2012இல் பிலடெல்பியாவில் கார்-டி சிகிச்சைக்குப் பின் (நோயாளியின் எதிர்ப்பு செல்களையே மாற்றியமைத்துப் புற்றுநோய் மீது ஏவும் முறை) சைட்டோகைன் புயலில், அதாவது இப்படிப்பட்ட தூதுப் புரதங்கள் கட்டுமீறிப் பெருகுவதில், சிக்கிய ஒரு ரத்தப் புற்றுநோய்ச் சிறுமியைக் காப்பாற்றியது. கோவிட் நேரத்தில் நம் ஊரிலும் இதைத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

மருந்து போட்ட பிறகு ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 குறையாது, ஏறும். ஏற்பி வழியாகத்தான் அதில் நிறைய அகற்றப்படும், இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. சி.ஆர்.பி. மட்டும் சரசரவென்று இறங்கிவிடும். அதனால் இந்த மருந்தில் இருக்கும் நோயாளிக்கு சி.ஆர்.பி. நார்மல் என்று சீட்டு வந்தாலும், உள்ளே கிருமி இல்லை என்று டாக்டர்கள் அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை.