பப்படமும் பனாமா தொப்பியும்

சீசன் முடிந்த கையோடு தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். நுவரெலியாவில் வாங்கிய வைக்கோல் தொப்பி, திரும்பி வரும்போது பஸ் நெரிசலில் நசுங்கிவிட்டதாம். அம்மா அதைக் கொதிக்கும் கேத்தலின் மூக்கருகே பிடித்து, ஆவி காட்டி, கையால் நீவியே நிமிர்த்திவிட்டாராம். "ஆவியில் அப்படி என்ன இருக்கிறது சேர்?" என்று கேட்கிறார்.

அதற்கு முன், இந்தக் குளிரில் தொப்பி எதற்கு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். போதாததற்கு ஏப்ரல் முற்பாதியில் நண்பகல் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. குளிர்காற்றில் வெயில் உறைக்காது, ஆனால் தோல் கருகும்.

சரி, தொப்பிக்கு வருவோம். ஐரோப்பாவில் கோதுமைத் தாளைச் சடையாகப் பின்னி, அந்தச் சடையை உச்சியிலிருந்து சுற்றிச் சுற்றித் தைத்தார்கள். இங்கிலாந்தின் லூட்டன் நகரம் அந்தத் தொழிலில்தான் வளர்ந்தது. பேர்பெற்ற பனாமா தொப்பியோ எக்வடோர் நாட்டுச் சரக்கு. பனாமா வழியாக விலைபோனதால் வந்த பெயர் அது. 1906இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போனபோது இந்தத் தொப்பியோடு படம் பிடிக்கப்பட, பெயர் ஒட்டிக்கொண்டது. டொக்கியா என்ற செடியின் விரியாத குருத்தை வெட்டி, கீறி, அவித்துக் காயவைத்தால் கீற்றுகள் உட்பக்கமாகச் சுருண்டு நூல்போல ஆகும். அதைப் பின்னுகிறார்கள். நயத்தைப் பொறுத்து ஒரு தொப்பிக்கு ஒரு நாளும் ஆகலாம், எட்டு மாதமும் ஆகலாம். யுனெஸ்கோ 2012இல் இந்தக் கலையை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பின்னுபவர்கள் விரலை நனைத்துக்கொண்டே பின்னுவார்கள். யாழ்ப்பாணத்தில் கடகம் இழைக்கிறவர்களும் ஓலையை நனைத்துத்தான் எடுக்கிறார்கள். காய்ந்த கீற்று ஒடிகிறது, நனைந்தது வளைகிறது. ஏன்? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

வரிச்சுக் கட்டி மண் பூசிய சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். தாவரச் செல்லின் சுவரும் அப்படித்தான். வரிச்சு செலுலோஸ். அதன் இழைகள் நெருக்கமாக அடுக்கியவை, உள்ளே தண்ணீருக்கு இடமில்லை. இடையில் அப்பிய மண் ஹெமிசெலுலோஸும் லிக்னினும். ஹெமிசெலுலோஸ் சங்கிலி நெடுக ஒட்சிசன்-ஐதரசன் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். காய்ந்திருக்கும்போது அவை பக்கத்துச் சங்கிலியின் கைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. வளைத்தால் ஒன்றின்மேல் ஒன்று நழுவ வழியில்லை, படக்கென்று முறிகிறது. தண்ணீர் மூலக்கூறுக்கும் அதே கைகள் உண்டு. அது நடுவில் புகுந்ததும், சங்கிலி பக்கத்துக் கையை விட்டுவிட்டுத் தண்ணீரின் கையைப் பிடிக்கிறது. அப்புறம் சங்கிலிகள் தாராளமாக நழுவும். கண்ணாடிபோல இருந்தது ரப்பர்போல ஆகிறது.

பொரித்த பப்படத்தை மூடாமல் வைத்துப் பாருங்கள். பனிமூட்டம் வந்த அரை மணியில் நமத்துவிடும். அங்கே ஹெமிசெலுலோஸுக்குப் பதில் மாச்சத்து, மற்றபடி கதை ஒன்றுதான்.

லிக்னின் மட்டும் கொஞ்சம் முரண்டு. பச்சைத்தண்ணீருக்கு லேசில் மசியாது, ஈரத்தோடு 70, 80 பாகை செல்சியசைத் தாண்டும் சூடும் வேண்டும். ஆவி இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கிறது. தொப்பிக்காரர்கள் மரத்தலையில் மாட்டி ஆவி காட்டி அழுத்துவதும் இதற்காகவே. ஆறிக் காயும்போது தண்ணீர் வெளியேற, சங்கிலிகள் புதிய இடத்தில் புதிய கைகளைப் பிடித்துக்கொள்கின்றன. தொப்பிக்குப் புது வடிவம் நிலைத்துவிடுகிறது.

தொப்பி என்றதும் நம் தோட்டங்களில் துரைமார் நினைவுதான் வரும். அவர்கள் போட்டது நெட்டியில் செய்த தொப்பி. வெப்பநாட்டுச் சூரியக் கதிர் மண்டையோட்டைத் துளைத்து மூளையைக் கெடுக்கும் என்று அந்தக் கால வெள்ளைக்காரர் பலர் நம்பினார்கள். முதுகெலும்புக்கும் ஆபத்தென்று மெத்தை வைத்துக் கட்டியவர்கள்கூட உண்டு. உச்சி வெயிலில் முனி அடிக்கும் என்று அப்பாயி சொன்னால் மூடநம்பிக்கை, துரை முதுகில் மெத்தை கட்டினால் மருத்துவம்!

அதே வெயிலில் நின்ற பெண்களின் தலையில் தொப்பிக்கு இடமே இல்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் மாட்டும், அதற்கடியில் ஒரு மடித்த துணி. தேயிலைக்கென்று 1925இலேயே ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய நாடு இது. கூடைக் கயிற்றோடு ஒத்துப்போகும் ஒரு நிழல்தொப்பியை வடிவமைக்கவும் கொஞ்சம் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கினால் என்ன? ரொக்கட் விஞ்ஞானமா அது?

ஆசிரியைக்குப் பதில்: அம்மா செய்தது சரியான வேலை. ஒரேயொரு எச்சரிக்கை, காயும்வரை தொப்பியை ஒரு கவிழ்த்த சட்டியில் மாட்டி வையுங்கள், அடுப்படியில் மட்டும் வேண்டாம். நசுங்கல்தான் ஆவிக்கு நிமிரும். வரிச்சே முறிந்தால் எந்தக் கேத்தலும் ஒட்டவைக்காது. காய்ந்த தொப்பியைச் சுருட்டிப் பையில் திணித்த என்னைக் கேளுங்கள். முன்பக்க மடிப்பில் ஒரு விரல் நுழையும் ஓட்டை இப்போதும் இருக்கிறது.