குளோவரைக் களை என்று சொல்லும் முன்

"தம்பி, புல்லு முழுக்கச் செத்துப்போச்சு. இந்த மூண்டிலைச் சனியன் மட்டும் பச்சையா நிக்குது. மருந்தடிச்சு விடும்."

கனடாவின் ஸ்காபரோவில் ஜூலை பிறந்தால் இந்தப் பேச்சைக் கேட்காத கிழமை எனக்கு இல்லை. இப்படிச் சொன்ன ஓர் அக்காவின் முற்றத்தில் குந்தியிருந்து, காய்ந்த புல்லில் ஒரு பிடியைப் பிரித்துப் பார்த்தேன். அடித்தண்டு வெள்ளையாய், இறுக்கமாய் இருந்தது. சாகவில்லை, நித்திரை. அது கென்டக்கி புளூகிராஸ், குளிர்ச்சியான பருவத்தில் நன்றாய் வளரும் புல். வெயிலும் வறட்சியும் கூடினால் இலையைக் காயவிட்டு அடியைக் காப்பாற்றிக்கொள்ளும்.

அதன் இலை நுனி வள்ளத்தின் அணியம்போலக் குவிந்திருக்கும். ரை புல்லுக்கு இலையின் பின்பக்கம் மினுங்கும், அடி சிவந்திருக்கும். நிழலில் ஊசிபோல நிற்பது ஃபெஸ்கியூ. கடையில் வாங்கும் புல்விதைக் கலவைகளில் பெரும்பாலும் இந்த மூன்றும்தான்.

அந்த "சனியன்" வெள்ளைக் குளோவர். ஒன்றை வேரோடு கிண்டி, பைப்பில் கழுவிக் காட்டினேன். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ள, உள்ளே இளஞ்சிவப்பு. பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. குளோவரின் இலையும் வேரும் உக்கும்போது பக்கத்துப் புல்லுக்கும் பசளை. இதய வடிவ இலை என்றால் அது புளியாரை, குளோவர் இல்லை.

1940களில் 2,4-டி என்ற களைகொல்லி வரும்வரை புல்விதைக் கலவையிலேயே குளோவரையும் சேர்த்துத்தான் விற்றார்கள். அகன்ற இலைக் களைகளைக் கொன்ற மருந்து அதையும் கொன்றது; பிறகுதான் அதற்குக் களை என்று பெயர். அழகுக்காக அந்த மருந்தைப் புல்லுக்கு அடிப்பது எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2009 முதல் தடை. அக்கா இதை நம்பவில்லை. யாரோ அடித்துக் கொடுத்தார்களாம்!

குளோவரிலும் குறை உண்டு. பூத்தால் தேனீ வரும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடமென்றால் பூக்க முன்னமே வெட்டிவிடுங்கள். பந்து விளையாடினால் நசிந்துபோகும்.

புல்லு வெட்டும் மெஷினை மூன்று அங்குலத்துக்கு உயர்த்துங்கள். மொட்டையடிப்பதுதான் எங்கள் ஆட்களின் பெரிய பிழை. ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. வெட்டியதை அள்ளவும் வேண்டாம். குளோவர் பரந்து கிடந்தால் மண்ணில் நைட்ரஜன் குறைவு என்று பெரும்பாலும் அர்த்தம். புல்தான் கூட வேண்டுமென்றால் பசளை போடுங்கள், குளோவர் தானாய் ஒதுங்கும்.

வெறுமையான இடங்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் விதை. ரை ஒரு கிழமையில் தலைகாட்டும். புளூகிராஸுக்கு மூன்று கிழமையும் ஆகலாம், பத்தாம் நாளே அக்காவிடமிருந்து ஃபோன்: "தம்பி, விதை பழுது போல."