“ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?”

மருத்துவப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நோயாளிகளிடம் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். பதில் வேண்டும் என்று கேட்டதில்லை. புண் முற்றியிருக்கும், கட்டி பெரிதாகியிருக்கும், சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டிருக்கும். அந்த ஆற்றாமையில் கேட்பேன். எதிரே இருப்பவர் தலையைக் குனிந்துகொள்வார். நானும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஒருவர் மட்டும் பதில் சொன்னார். கட்டட வேலை செய்பவர், ஐம்பதை நெருங்கிய வயது. ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறி மூன்று வாரம் ஆகியிருந்தது. பெருவிரல் கறுத்துப்போய், சீழ் பாதத்தின் நடுப்பகுதி வரை பரவியிருந்தது. சர்க்கரை அளவு மிக அதிகம். பாதத்தில் தொடு உணர்ச்சியே இல்லை என்பதால் நீரிழிவு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஆனால் தனக்கு நீரிழிவு இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வழக்கம்போல் அந்தக் கேள்வியைக் கேட்டேன். “வலிக்கலையே டாக்டர். வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே” என்றார்.

அந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். நீரிழிவு நீண்ட நாள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் கால் நரம்புகள் மரத்துப்போகும். ஆணி ஏறினாலும் சுடு தரையில் நடந்தாலும் உறைக்காது. இது மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க அவரிடம் இருந்த ஒரே அளவுகோல் வலிதான். வேலை செய்ய முடியாத அளவுக்கு வலித்தால் போவது, இல்லையென்றால் வேலைக்குப் போவது. ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை, இரண்டு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பார் என்ற நிலையில் இருப்பவருக்கு அது முழுக்க அறிவுள்ள ஏற்பாடு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

சிக்கல் என்னவென்றால், இன்று மனிதர்களை அதிகம் கொல்லும் நோய்கள் தொடக்கத்தில் வலிப்பதில்லை. உயர் ரத்த அழுத்தம் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். சிறுநீரகம் பெருமளவு செயலிழக்கும் வரை உடம்பு காட்டிக்கொடுக்காது. மார்பகத்தில் வரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலியில்லாமல்தான் தொடங்கும். மாதச் சம்பளமும் சம்பளத்தோடு விடுப்பும் உள்ளவர் வலி இல்லாமலேயே ஒரு பரிசோதனைக்குப் போய்வர முடியும். ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தால்தான் டாக்டரைப் பார்க்க முடியும் என்பவர் வலிக்காக வீணாகக் காத்திருக்கிறார். ஒரே நோய் ஒருவரிடம் மாத்திரையோடு நிற்பதற்கும் இன்னொருவரிடம் டயாலிசிஸ் வரை போவதற்கும் நடுவே பல இடங்களில் இந்த வித்தியாசம்தான் இருக்கிறது.

“இலவச மருத்துவமனை இருக்கிறதே, போக வேண்டியதுதானே?” என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் உண்டு. ஒரு முறை வந்துபோக என்னவெல்லாம் செலவாகிறது என்று நோயாளிகளைக் கேட்டு ஒரு நாள் கணக்குப் போட்டேன். மருத்துவருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் போக்குவரத்துக்குக் கொடுக்க வேண்டும், அன்றைய கூலி போய்விடும். கூட ஒருவர் வந்தால் அவருடைய கூலியும் போகும். வயதானவர், படிக்கத் தெரியாதவர், தலைசுற்றல் உள்ளவர் எல்லோருக்கும் துணைக்கு ஆள் வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு நாளைதான் வரும் என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வார்த்தை இந்தச் செலவு முழுவதையும் இரட்டிப்பாக்குகிறது. அதை நான் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ.

காசநோய் இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று. பல நாடுகளில் அதற்கு மருந்து இலவசம். ஆனாலும் உலக அளவில் காசநோய் வந்த குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, அந்த நோயால் தங்கள் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இழக்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயணச் செலவு, சத்துணவுக்கான செலவு, வேலை இழப்பு எல்லாம் அதில் அடங்கும். வறுமையால் நோய் வருகிறது என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். நோயால் வரும் வறுமையும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-இல் மருத்துவச் செலவால் பண நெருக்கடிக்கு ஆளானவர்கள் சுமார் 200 கோடிப் பேர். நகையை அடகு வைத்தவர், மாட்டை விற்றவர், பிள்ளையின் படிப்பை நிறுத்தியவர் என்று அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

கட்டணம் வைத்தால் தேவையில்லாமல் வருபவர்கள் குறைவார்கள், உண்மையில் நோயுள்ளவர்கள் எப்படியும் வருவார்கள் என்றொரு வாதம் உண்டு. இதை 1970-களில் அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தே பார்த்தார்கள். குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவச சிகிச்சை, மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். பணம் கட்ட வேண்டியிருந்தவர்கள் தேவையற்ற சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள்; தேவையான சிகிச்சையையும் அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவச சிகிச்சையில்தான் அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவருடைய வேலை. அதை நோயாளியின் பையில் உள்ள பணத்திடம் விட முடியாது.

மாத்திரைகளிலும் இதே கதை நடக்கிறது. மாதக் கடைசியில் ரத்த அழுத்தம் ஏறிவரும் நோயாளிகள் எனக்குப் பலர். முன்பெல்லாம் உப்பைக் குறையுங்கள் என்று சொல்லி மருந்தின் அளவைக் கூட்டுவேன். பிறகுதான் ஒரு மூதாட்டி விளக்கினார். முப்பது மாத்திரையை அறுபது நாளுக்கு வருகிற மாதிரி ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறாராம். “முழுசா நிறுத்தலையேய்யா, இழுத்துப் புடிச்சுப் போடுறேன்” என்றார், நான் திட்டிவிடுவேனோ என்ற பயத்தோடு. வாங்கவே முடியாமல் இருந்த மாத்திரையின் அளவைத்தான் நான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்களின் தாமதத்துக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. மார்பில் கட்டி இருப்பதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஓர் அம்மாவைப் பார்த்தேன். முதலில் மாமியாருக்கு அறுவை சிகிச்சை, அடுத்து மகனுக்குத் தேர்வு, அது முடிந்ததும் கணவருக்கு வேலை போய்விட்டது. இப்படி எட்டு மாதம் ஓடியிருக்கிறது. வீட்டில் எல்லோருடைய உடம்பையும் கவனித்தவர் அவர்தான், அவருடைய முறை மட்டும் வரவில்லை. கையில் தனிப்பட்ட பணம் இல்லாமல், தனியாக வெளியே போகும் வழக்கமும் இல்லாமல், வேறொருவர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டிய நிலையில் உள்ள பெண் எந்த வருமானப் பிரிவில் இருந்தாலும் ஏழைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994-இல் தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேருவதில் ஒரு தாமதம், சேர்ந்த பிறகு தகுந்த சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம். பிரசவத்துக்காகச் சொன்ன இந்தப் பகுப்பு மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் அப்படியே பொருந்துகிறது. என்னைப் போன்றவர்கள் மூன்றாவது தாமதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். அது எங்கள் கூரைக்குக் கீழே நடப்பது.

எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் பாதி நாள் தவறான இடத்தில் நின்றவர்கள் உண்டு. படிவத்தை நிரப்பத் தெரியாமல் யாரிடமாவது கெஞ்சியவர்கள் உண்டு. அழுக்குச் சட்டையைப் பார்த்ததும் ஒருமையில் பேசப்பட்டு, அந்த அவமானத்துக்குப் பிறகு திரும்பி வராதவர்கள் உண்டு. நன்றாக உடுத்தி, மருத்துவச் சொற்களைச் சேர்த்துப் பேசுபவருக்கு நான் பத்து நிமிடம் விளக்கியிருக்கிறேன். ஒன்றும் கேட்காமல் நின்றவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. கேட்கத் தெரியாதவருக்குத்தான் அதிகமாக விளக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்க நாளாயிற்று. வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் ஒரு விதியாகவே சொன்னார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது. மருத்துவம் சந்தையின் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு இது கடுமையாகும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

கருவிகளிடமும் இந்தப் பாகுபாடு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, கறுத்த தோல் உள்ளவர்களிடம் உண்மை அளவைவிட அதிகமாகக் காட்டக்கூடும். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இப்படி மறைந்துபோன ஆக்சிஜன் குறைபாடு வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. எண்ணைப் பார்த்து “நல்லா இருக்கு, வீட்டுக்குப் போங்க” என்று சொல்லும் முன் மூச்சு எப்படி இருக்கிறது என்று நானே எண்ணிப் பார்ப்பதை அதன்பிறகு விட்டதில்லை.

இவ்வளவும் பரம ஏழைகளின் பிரச்சினை என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். 1967-இல் லண்டனில் அரசு ஊழியர்களிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளைப்போல் சுமார் மூன்று மடங்காக இருந்தது. இடையில் உள்ளவர்கள் படிப்படியாக அதற்கு நடுவே இருந்தார்கள். அதாவது, மேலே இருந்து இரண்டாம் படியில் இருப்பவர்கூட முதல் படியில் இருப்பவரைவிடச் சீக்கிரம் இறக்கிறார். புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. தன் வேலையின் மேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதும் இதயத்தைத் தொடுகிறது என்பதை அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின.

1848-இல், இன்று பெரும்பகுதி போலந்தில் உள்ள மேல் சிலேசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, அப்போது அதை ஆண்ட ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் அரசு ருடால்ஃப் விர்ச்சோ என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. திரும்பி வந்தவர் எழுதிய அறிக்கையில், நோய்க்குத் தீர்வாகக் கல்வி, நியாயமான வரி, மக்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளும் உரிமை என்றெல்லாம் இருந்தன. இங்கிலாந்தில் காசநோய் இறப்புகள், அதற்கான முதல் மருந்து 1940-களில் வருவதற்கு முன்பே வெகுவாகக் குறைந்துவிட்டன. மருந்தைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. மருந்தை நம்பித்தான் நான் தினமும் பேனாவை எடுக்கிறேன். ஆனால் சம்பளத்தோடு விடுப்பு, காற்றோட்டமுள்ள வீடு, பெண்ணின் கையில் பணம் ஆகியவற்றையும் சிகிச்சையாகவே பார்க்கப் பழகியிருக்கிறேன்.

இப்போது சில பழக்கங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். நிலையாக உள்ள நோயாளிக்கு இயன்றவரை இரண்டு மூன்று மாதத்துக்கு மருந்து எழுதுகிறேன். ஒரே நாளில் முடிக்கக்கூடிய பரிசோதனைகளை ஒரே நாளில் முடிக்கச் சொல்கிறேன். விலை குறைந்த பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்து இருந்தால் அதையே எழுதுகிறேன். இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் மருத்துவரிடம் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். “இந்த மருந்து எனக்குக் கட்டுப்படியாகாது” என்பது மருத்துவர் அறிந்தே ஆகவேண்டிய தகவல். உங்களிடம் வேலை செய்பவர் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் அந்த நாள் கூலியைப் பிடிக்காதீர்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் வலிக்காகக் காத்திராமல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள், வீட்டில் இருக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பழைய கேள்வியை இப்போது கேட்பதில்லை. “வர முடியாம எது தடுத்துச்சு?” என்று கேட்கிறேன். வருகிற பதிலை நோயாளியின் குறிப்பேட்டில் சர்க்கரை அளவுக்குக் கீழேயே எழுதிவைக்கிறேன். அந்தக் கட்டடத் தொழிலாளிக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு வாரம் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், காலை நேரத்தில் வந்தால் மனைவிக்குக் கூலி போய்விடும் என்றார். செவிலியரிடம் சொல்லி மாலை ஆறு மணிக்கு மேல் நேரம் கொடுத்தோம். ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தார்.